சுவருக்குத் தண்ணி காட்டணும்

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க குழுவில் ஆறு பேர் பெயிண்டிங் பயிற்சி முடிச்சோம். எப்படிச் சம்பாதிக்கிறோம்னு பேசச் சொல்லித்தான் தலைவி அக்கா கூப்பிட்டாங்க. ஆனா முதல் வேலையில் நாங்க நஷ்டப்பட்டதைச் சொன்னாத்தான், அடுத்துப் பயிற்சிக்குப் போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு எனக்குத் தோணுது.

அது ஒரு புது வீடு. ரெண்டு ரூம். பட்டி மூட்டை, தகடு, உப்புத்தாள் எல்லாம் வாங்க குழுவில் இருந்து 12,000 ரூபாய் உள்கடன் எடுத்தோம். பட்டி ரெண்டு கோட்டு இழுத்து, பிரைமர் அடிச்சு, பெயிண்டும் அடிச்சு முடிச்சோம். சாயங்காலம் லைட்டைப் போட்டுப் பார்த்தா சுவர் முழுக்கக் கொப்புளம். அம்மை போட்ட மாதிரி. உடைஞ்ச இடத்தில் எல்லாம் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. வீட்டுக்காரர் மீதிப் பணம் தரமாட்டேன்னுட்டார். "பொம்பளைங்களை நம்பி விட்டேன் பாரு"ன்னு ஒரு வார்த்தை வேற.

அந்த வார்த்தையைக்கூட மறந்திடலாம். அந்த மாசம் எங்க குழுவில் ஒரு அக்கா, மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட உள்கடன் கேட்டிருந்தாங்க. பணம் எங்ககிட்ட மாட்டிக்கிச்சு, குழுவில் கொடுக்க இல்லை. காதில் கிடந்த தோட்டைக் கழட்டி அடகு வச்சாங்க. எங்களை ஒரு சொல் சொல்லலை. திட்டியிருந்தா எனக்கு அன்னைக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் சுரண்டி எடுக்கப் போனோம். அப்போதான் ஒண்ணு கவனிச்சேன். எல்லாச் சுவரிலும் கொப்புளம் இருக்கு, தண்ணி டிரம் வச்சிருந்த மூலையில் மட்டும் ஒண்ணுகூட இல்லை. மொண்டு மொண்டு ஊத்தினதில் அந்த இடம் நனைஞ்சே இருந்திருக்கு. பயிற்சியில் சொன்னாங்க, முதல்ல சுவரை நனைக்கணும்னு. நான்தான் "நேரமாகுது, தரையெல்லாம் சேறாகும், வேணாம்"னு சொன்னேன். எங்க ஆத்தா பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதே சொல்லும், சுவருக்குத் தண்ணி காட்டாம சுண்ணாம்பைத் தொடாதேன்னு. பத்து வயசில் தெரிஞ்சது முப்பது வயசில் மறந்துபோச்சு.

காரணம் இதுதான். சிமெண்ட் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி ஓட்டை இருக்கு. அதுக்குள்ள காத்து. காய்ஞ்ச சுவரில் பட்டியை இழுத்தா, பட்டியில் இருக்கிற தண்ணியைச் சுவர் உறிஞ்சும். தண்ணி உள்ளே போக, காத்து வெளியே வரப் பார்க்கும். மேலே பட்டி மூடியிருக்கு, வழி இல்லை. அங்கேயே உப்பி நிக்கும். முன்னாடியே நனைச்சிட்டா ஓட்டையில் தண்ணி இருக்கும், காத்துக்கு இடம் இருக்காது. அதுக்காகத் தண்ணி வழிய வழிய இழுக்கக் கூடாது. தெளிச்சுவிட்டு, மினுமினுப்பு அடங்கி, தொட்டா ஜில்லுன்னு இருக்கணும். அதுதான் பக்குவம்.

இன்னொரு விஷயம், ஈரம் காட்டுறது வேற, ஓதம் வேற. அடியில் இருந்து ஓதம் ஏறுற சுவரில் என்ன செஞ்சாலும் பட்டி உப்பும், உதிரும். ஓதத்தைச் சரிபண்ணிட்டுக் கூப்பிடுங்கன்னு இப்போ தைரியமாச் சொல்லிடுறோம். வேலை போனாலும் பரவாயில்லை.

பட்டி கலக்குறதிலும் தப்புப் பண்ணினோம். டிரில் மெஷினில் கம்பி மாட்டி வேகமாச் சுத்தினா சீக்கிரம் கலந்திடும்தான். ஆனா முட்டை அடிக்கிற மாதிரி நுரைச்சு, காத்து உள்ளே போயிடும். நிதானமா, கட்டியில்லாம, பத்து நிமிஷமாவது கலக்கணும். கலந்து கொஞ்ச நேரம் அப்படியே வச்சிட்டு, திரும்ப ஒரு கிண்டு கிண்டணும். தண்ணி அளவு மூட்டையிலேயே போட்டிருக்கும். நாங்க வாங்குறதுக்குக் கிலோவுக்கு 400 மில்லிக்கு உள்ளேதான் வருது. ரெண்டு மூணு மணி நேரத்தில் தீர்க்கிற அளவுதான் கலக்கணும். இறுகினதில் தண்ணி ஊத்தி இளக்குறது வேண்டவே வேண்டாம். மிச்சம் பிடிக்கிற நம்ம புத்தி அங்கே ஆகாது.

கனமாவும் இழுக்கக் கூடாது. ரெண்டு கோட்டும் சேர்ந்தே 1.5 மில்லிமீட்டர்தான், கிட்டத்தட்ட ஒரு ரூபாய் காசு கனம். தகட்டைச் சாய்ச்சுப் பிடிச்சு, அழுத்தி இழுக்கணும். முதல் கோட்டு ஓட்டையை அடைக்கத்தான், அழகுக்கு இல்லை. அது நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் ரெண்டாவது.

இத்தனைக்கும் மேலே நாலு கொப்புளம் வரத்தான் செய்யும். பட்டி ஈரமா இருக்கும்போதே தெரிஞ்சா, கொஞ்சம் இறுகவிட்டு, வெறும் தகட்டால் அழுத்தி இழுத்தா அடங்கிடும். காய்ஞ்சுபோனா மேலே அப்பாதீங்க. சுரண்டி, அந்த இடத்தை நனைச்சு, புதுப் பட்டி வச்சு, காய்ஞ்சதும் உப்புத்தாள் போடணும். பழைய சுண்ணாம்புச் சுவர்னா, கையில் மாவு ஒட்டாத அளவு சுரண்டின பிறகுதான் தண்ணியே காட்டணும்.

அந்த வீட்டை அஞ்சு நாள் கூலியில்லாமச் சரிபண்ணிக் கொடுத்தோம். மீதிப் பணம் வந்துச்சு. கடனை மூணு மாசம் தாமதமாக் கட்டினோம், தீர்மான நோட்டில் இருக்கு. முதல் லாபத்தில் அந்த அக்கா தோட்டை மீட்டோம். இன்னைக்கு அதைப் போட்டுக்கிட்டுத்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்காங்க.

இந்தக் கூடத்துப் பின்சுவரில் பாதியை நனைச்சும், பாதியைக் காயவிட்டும் வச்சிருக்கோம். சாப்பாடு முடிஞ்சதும் வாங்க, ரெண்டிலும் பட்டி இழுத்துக் காட்டுறோம். தகடு பிடிச்சுப் பார்க்கணும்னு நினைக்கிறவங்க நல்ல சேலையை மாத்திட்டு வாங்க.