துடுப்பும் தூண்டிலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "நீ ஹூஸ்டன்ல இத்தனை வருஷம் இருந்திருக்க, அமெரிக்காவில் வேலைவாய்ப்பு பற்றிப் பேசு" என்றார். அதைப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்கு உண்மையில் தெரிந்த ஒரு விஷயத்தைப் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். அது மீன் பிடிப்பது. அதிலும் கயாக் என்னும் சிறு படகில் தனியாக உட்கார்ந்து, ஏரியிலும் கடலோரக் கழிமுகத்திலும் தூண்டில் போடுவது. சிரிக்காதீர்கள். கடைசியில் ஒரு காரியமான செய்தி இருக்கிறது.

இந்தப் பழக்கம் எனக்கு வந்ததே நம் விடுதியின் பின்னால் இருந்த கண்மாயில்தான். ஒரு மூங்கில் கம்பு, பத்து முழம் தங்கூசி, ஒரு முள், தக்கைக்கு ஒரு நெட்டித் துண்டு. மண்புழு கோத்தால் கெண்டையும் கெளுத்தியும் வரும். விராலுக்குப் புழு போதாது. சின்னத் தவளையை முள்ளில் மாட்டி, அல்லி இலை ஓரமாக நீந்த விட வேண்டும். மீன்பாசி ஏலம் எடுத்தவர் ஒருநாள் எங்கள் நாலு பேரையும் கையும் களவுமாகப் பிடித்து வார்டன் சார் முன்னால் நிறுத்தினார். வார்டன் சார் எங்களைத் திட்டிவிட்டு, பிறகு தனியாகக் கூப்பிட்டு, "விரால் எத்தனை கிலோடா இருந்துச்சு?" என்று கேட்டது தனிக் கதை.

1996இல் டெக்சஸ் போனேன். அங்கே எனக்குப் பெரிய ஆச்சரியம் என்ன தெரியுமா? அந்த மாநிலத்தின் பெரிய ஏரிகளில் ஏறக்குறைய எல்லாமே மனிதன் ஆற்றை மறித்துக் கட்டியவை. நம்ம ஊர் ஏரி, கண்மாய் மாதிரியேதான். ஹூஸ்டனுக்கு வடக்கே உள்ள கான்ரோ ஏரி 1973இல் கட்டி முடித்த அணையால் உண்டானது. வடக்குப் பக்கம் காடு, வளைந்து நெளிந்த ஓடைகள். தெற்கே அணையை நெருங்க நெருங்க அகலமான திறந்த நீர். இந்த அமைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் படகைச் சொல்கிறேன். மீன்பிடிக்கப் பெரும்பாலும் பயன்படும் கயாக்கில் உள்ளே நுழைந்து உட்கார வேண்டாம், மேலே உட்கார வேண்டும். பன்னிரண்டடி நீளம், சுமார் 30 கிலோ எடை. மொட்டை மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியை எப்படிச் செய்கிறார்களோ, அப்படியே பாலிஎத்திலீன் தூளை அச்சுக்குள் போட்டுச் சூடாக்கிச் சுழற்றிச் செய்கிறார்கள். தளத்தில் நீர் வடிய ஓட்டைகள் உண்டு. அலை மேலே வந்தால் அதன் வழியாக இறங்கிவிடும். முதன்முதலாகப் பார்த்தபோது, "அட, இது நம்ம கட்டுமரம்!" என்றுதான் எனக்குத் தோன்றியது. தண்ணீர் மேலே ஏறும், இறங்கும், படகு மூழ்காது. அதே தத்துவம்.

அந்த ஏரிகளின் ராஜா லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீன். குணத்தில் நம்ம விராலுக்குத் தம்பி. துரத்திப் பிடிப்பதைவிட, பாசியிலும் மூழ்கிய மரத்தடியிலும் ஒளிந்திருந்து பாய்வதுதான் அதற்குப் பிடிக்கும். அதனால் தூண்டிலும் அதற்கேற்ப இருக்க வேண்டும். 'டெக்சஸ் ரிக்' என்று ஒரு முறை. தோட்டா வடிவ ஈயக்குண்டு, அதற்குக் கீழே கழுத்து வளைந்த முள், அதில் மெத்தென்ற பிளாஸ்டிக் புழு. முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். அப்போதுதான் பாசியிலும் கிளையிலும் சிக்காது. மீன் கவ்வியதும் நாம் வெடுக்கென்று இழுக்கும்போது நுனி வெளியே வந்து ஏறும். அல்லி இலைக்கு மேலே இழுத்து வர, உள்ளே காற்றடைத்த பிளாஸ்டிக் தவளையும் உண்டு. கண்மாயில் நாம் செய்ததை அங்கே கடையில் டாலர் கொடுத்து வாங்கினேன்!

மீன் எங்கே இருக்கும் என்பதைத் தண்ணீரின் சூடு சொல்லும். வசந்த காலத்தில் நீர் 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை ஏறும்போது பாஸ் கரையோர ஆழமில்லாத இடத்துக்கு வந்து முட்டையிடும். கோடையில் ஏரி இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர். கீழடுக்கில் பிராணவாயு குறைந்துபோவதால், ஆழத்தில் தூண்டில் போட்டுக் காத்திருப்பது வீண். அடுக்கு பிரியும் மட்டத்துக்குச் சற்று மேலே தேட வேண்டும். காற்று தொடர்ந்து ஒரு கரையை நோக்கி அடித்தால் நுண்ணுயிர்கள் அங்கே ஒதுங்கும், சிறு மீன் பின்னால் போகும், பெரிய மீன் அதன் பின்னால். ஆக, மீன்காரனுக்குக் காற்று நண்பன். படகுக்காரனுக்கு அப்படியில்லை. கயாக்கில் ஒரே ஆள்தான் இரண்டு பேருமாக இருக்க வேண்டியிருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

கழிமுகத்துக்கு வருவோம். ஹூஸ்டனுக்குத் தெற்கே கால்வெஸ்டன் வளைகுடா. பரப்பு பெரிது, ஆழம் குறைவு. பல இடங்களில் இரண்டு ஆள் மட்டம்கூட இல்லை. அங்கே கடல் ஏற்றவற்றம் சுமார் ஓரடிதான். நிலவைவிடக் காற்றுதான் நீரை ஏற்றி இறக்கும். பலத்த வடகாற்று அடித்தால் நீர் வளைகுடாவை விட்டே வெளியேறி, நேற்று மிதந்த இடத்தில் இன்று சேறு தெரியும். அங்கே ரெட்ஃபிஷ் என்ற மீன், நம்ம கத்தாளைக் குடும்பம். முழங்கால் ஆழத்தில் நண்டு, இறால் தேடி மேயும்போது வால் நீருக்கு மேலே தெரியும். அதற்கு 'பாப்பிங் கார்க்' கட்டுவோம். அதுவும் தக்கைதான். ஆனால் இழுத்தால் 'பொளக்' என்று சத்தம் போடும், மீன் இரை கவ்வுகிற சத்தம் மாதிரி. அதற்குக் கீழே இரண்டடியில் இறால். சிப்பித் திட்டுகள் நூலை அறுத்துவிடும் என்பதால் பின்னல் நூலின் நுனியில் ஒரு பாகம் தடித்த தங்கூசி கட்ட வேண்டும்.

ரெட்ஃபிஷ் ஒரு காலத்தில் அருகிப்போயிற்று. 1981இல் டெக்சஸ் அதைப் பிடித்து விற்பதையே சட்டம் போட்டுத் தடுத்தது, பிறகு குஞ்சு பொரிப்பகம் வைத்து வளர்த்து விட்டது. மீன் மீண்டும் பெருகியது. 20 அங்குலத்துக்குக் குறைந்ததையும் 28 அங்குலத்துக்கு மேற்பட்டதையும் நீரில் விட்டுவிட வேண்டும் என்பது பொது விதி. சின்னது வளரட்டும், பெரியது முட்டையிடட்டும். ஏலக்காரரிடம் அகப்பட்ட நான் அங்கே ஒழுங்காக லைசென்ஸ் எடுத்து, அளவுகோல் வைத்துக்கொண்டு மீன் பிடித்தேன் என்பதை வார்டன் சாருக்கு இங்கே தெரிவித்துக்கொள்கிறேன். (சிரிப்பு)

இனி நான் சொல்ல வந்த செய்தி.

2003, பிப்ரவரி மாதம். நானும் நம் வகுப்பு நண்பன் ஒருவனும் கான்ரோ ஏரிக்குப் போனோம். பெயர் சொல்ல மாட்டேன், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். காலையில் இதமான தென்காற்று. கயாக்கில் ஒரு பாலபாடம் உண்டு: போகும்போது எதிர்காற்றில் போ, களைத்துத் திரும்பும்போது காற்று உன்னைத் தள்ளிக்கொண்டு வரும். நாங்கள் வடக்கே இறங்கித் தெற்கு நோக்கித் துடுப்பு போட்டோம். விதிப்படி சரிதான். ஆனால் அன்று மாலை வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். "சாயங்காலம்தானே?" என்று விட்டுவிட்டேன். காலைக் காற்றைக் கணக்குப் போட்டவன் மாலைக் காற்றைப் போடவில்லை.

நண்பன் கிளம்பும்போதே உயிர்காப்புச் சட்டையை மாட்டி, பட்டையை இறுக்கிக்கொண்டான். நான் அவனை "என்ன மாப்ள, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்க?" என்று கேலி செய்தேன். என் சட்டை இருக்கைக்குப் பின்னால் கயிற்றில் கட்டியிருந்தது. எனக்குத்தான் நீச்சல் தெரியுமே!

பதினொரு மணிக்கு மீன் கடிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டரைக்கு நண்பன் வடக்கே கைகாட்டினான். வானத்தில் ஒரு கருநீலக் கோடு. "மாப்ள, கிளம்பலாம்டா." "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன். கால் மணி நேரத்தில் காற்று அப்படியே திரும்பியது. நான் நங்கூரத்தைப் படகின் நடுப்பக்கத்தில் விலாவில் கட்டியிருந்தேன். அலை மறுபக்கத்தில் மோத, கயிறு இந்தப் பக்கத்தைக் கீழே இழுக்க, நான் கயிற்றை அவிழ்க்க அதே பக்கமாகச் சாய்ந்தேன். திருப்புத்திறன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் நான்! நங்கூரத்தை முன்முனையிலோ பின்முனையிலோதான் கட்ட வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த விளக்கப்படம் கிடையாது. அடுத்த நொடி தண்ணீரில் இருந்தேன்.

நீர் சுமார் 12 டிகிரி இருக்கும். குளிர்ந்த நீரில் விழுந்ததும் உடம்பு நம்மைக் கேட்காமலே மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. எனக்கு மேலே இருந்தது, அது அதிர்ஷ்டம். பிறகு சில நிமிடங்களில் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். என் சட்டை கண்ணெதிரே, கவிழ்ந்த படகுக்கு அடியில், நானே போட்ட முடிச்சில் இருந்தது. அவிழ்க்க விரல் இல்லை. நீச்சல் தெரிந்து என்ன பயன்?

நண்பன் தன் படகை என் படகோடு ஒட்டி நிறுத்தினான். இரண்டு பேருமாக என் படகை நிமிர்த்தினோம். "காலை உதைடா! வயித்துல படுத்து ஏறு, எந்திரிக்காத!" என்று கத்தினான். மூன்றாவது முயற்சியில் ஏறிவிட்டேன். ஏறியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "வண்டி வடக்கே நிக்குது, அங்கே போகணும்." அவன் சொன்னான்: "வண்டி எங்கேயும் போகாது மாப்ள. காத்து போற பக்கமே போவோம்."

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த பாடம்தான். அன்று அது அவனுக்கு மட்டுமே ஞாபகம் வந்தது. தெற்கே போய், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுப் படித்துறையில் ஒதுங்கினோம். அந்த வீட்டம்மா போர்வையும் சூடான காபியும் கொடுத்தார். அரை மணி நேரம் எனக்குக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, நண்பன்தான் பிடித்துக்கொண்டான். எதிர்காற்றில் நான் நினைத்தபடி வடக்கே போயிருந்தால், இன்று இந்த மலரில் எனக்கு அஞ்சலிப் பக்கம்தான் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் மாற்றாத நாலு வழக்கங்கள். உயிர்காப்புச் சட்டை படகில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். அன்றைய வெயிலுக்கு அல்ல, தண்ணீரின் குளிருக்கு ஏற்ற உடை. எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவது. நான்காவது, கூட வந்தவன் "போதும்" என்றால் அதுதான் கடைசி மீன்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களில் பலர் மீன் பிடிக்கப் போக மாட்டீர்கள். ஆனால் கண்மாய்க்கும் அணைக்கும் ஆற்றுக்கும் போவீர்கள். நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். சேறும் பாசியும் உள்ள நீரில் நல்ல நீச்சல்காரனும் சிக்குவான். நண்பன் பயப்படுகிறான் என்று கேலி செய்யாதீர்கள். அவன் கண்ணுக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று. அந்தப் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தபோது அவனுக்கு நான் நன்றி சொல்லவில்லை. மீன் பையும் போச்சே என்று புலம்பினேனாம், அவன் இன்றும் சொல்லிக் காட்டுகிறான். 22 வருடம் ஆகிவிட்டது. நம் கல்லூரி வளாகத்தில், உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்: மாப்ள, ரொம்ப நன்றிடா.