சாவியோடு சேர்த்துத் தர வேண்டியவை



ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுதலே மரபு. எனினும், மிதிவண்டிகள் சாய்ந்து நின்ற நம் காலனி வாயில்களில் இன்று கார்கள் நிற்கின்றன. பிள்ளைகளும் 18 வயதை எட்டி வருகின்றனர். ஆதலின், ஓட்டப் பழகும் இளைஞர்க்குக் காரை எந்நிலையில் வைத்துத் தருவது என்பது குறித்துச் சில சொற்கள் கூற முற்படுகிறோம்.

முதற்கண் வயது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் பொது இடத்தில் கார் ஓட்டுதல் ஆகாது. 2019-ஆம் ஆண்டில் வந்த திருத்தம் இன்னும் கடுமையானது. சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டிக்கு உடையவரோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஏற்க நேரும். வண்டியின் பதிவு 12 மாதத்திற்கு இரத்தாகும். அச்சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. ‘காலனிக்குள்தானே, ஒரு சுற்றுச் சுற்றட்டும்’ என்று சாவியைக் கொடுப்போர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். அக்காலனித் தெருவில்தான் நம் குழந்தைகள் பந்தாடுகின்றனர்!

உரிமம் பெற்ற பின்னர்த்தான் வண்டியைப் பற்றிய கேள்வி எழுகிறது. ‘பழகுவதற்குப் பழைய வண்டி போதும், இடிபட்டாலும் கவலையில்லை’ என்பது நம்மிடையே வழங்கும் பேச்சு. இடிபடுவது தகடு மட்டுமன்று. உள்ளே அமர்ந்திருப்பது நம் பிள்ளை. தளர்ந்த பிரேக்கும் தேய்ந்த டயரும் உடைய வண்டிக்கேற்பத் தகப்பனார் தம் காலைப் பழக்கிக்கொண்டிருப்பார். புதிதாக ஓட்டுவோர்க்கு அப்பழக்கம் ஏது? வீட்டு வண்டிகளுள் நல்ல நிலையில் இருப்பதையே பிள்ளைக்குத் தருதல் முறை.

நம் இரயில்வேயில் வண்டி புறப்படுமுன் பிரேக்கைச் சோதித்து, அதற்குரிய சான்றிதழை ஓட்டுநர் கையில் சேர்ப்பிப்பார்கள். ஓட்டுநர் எத்துணை அனுபவம் உடையவராயினும் இம்முறை மாறுவதில்லை. இதனை ஏன் நம் வீட்டு வாயிலுக்கும் கொண்டு வரலாகாது?

பதினைந்து நாளுக்கு ஒருமுறை டயரின் காற்றை அளக்கவேண்டும். அதுவும் வண்டி ஓடிச் சூடேறுமுன் அளக்கவேண்டும். கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்றிவிட வேண்டும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த நாளைக் கூறும்: 2319 எனில், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. நீர் கலந்த எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியாகிவிட்டால், மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. எனவே ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நலம். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது.

இவ்வடபுலத்து மார்கழி, தை மாதங்களின் மூடுபனி நம் ஊர்க்காரர்க்குப் புதிது. குளிரில் டயரின் காற்றழுத்தம் தானே குறையும். முன்கண்ணாடியின் துடைப்பானும் விளக்குகளும் குறைவற இருத்தல் வேண்டும். பனியில் விளக்கைத் தாழ்த்தியே வைக்கவேண்டும். உயர்த்தினால் ஒளி பனியிற்பட்டு நம் கண்ணையே மறைக்கும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்மடங்காகும் என்பதைப் பிள்ளைகள் மறக்கலாகாது.

இருக்கைப் பட்டை முன்னிருப்போர்க்கு மட்டுமன்று, பின்னிருப்போர்க்கும் உரியது. காற்றுப்பை அப்பட்டைக்குத் துணையேயன்றி மாற்றன்று. பட்டை அணியாதவரை அப்பையே காயப்படுத்தவும் கூடும்.

இச்சோதனைகளை யார் செய்வது? தகப்பனார் அருகில் நிற்க, பிள்ளையே செய்யவேண்டும் என்பது நம் கருத்து. காற்றைத் தன் கையால் அளந்த பிள்ளைக்கு, வண்டியின் ஓட்டத்தில் மாறுதல் தோன்றின் உடனே புலப்படும். ‘அப்பா, பிரேக் சரியில்லை’ என்று அஞ்சாது வந்து சொல்லும். அவ்வாறு சொன்ன பிள்ளையைக் கடிந்துகொள்ளாது, அன்றே வண்டியைப் பட்டறைக்கு அனுப்புதல் பெற்றோர் கடமை. செலவை எண்ணி ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்போமாயின், மறுமுறை அப்பிள்ளை வாய் திறவாது.

சாவியைத் தருகின்ற நாளில் இப்பொறுப்பையும் சேர்த்துத் தருவோமாக.