அது கோயில் யானை இல்லம்மா

இலங்கை போயிட்டு வந்து ஆறு மாசம் ஆச்சு. இதைப் பத்தி எபிசோட் பண்ண வேண்டாம்னுதான் இருந்தேன். போன வாரம் ஒரு விஷயம் நடந்துச்சு. அதைக் கடைசில சொல்றேன்.

எங்க வீடு சிட்லபாக்கம். எங்க ஏரியாவுல பொறந்த எல்லாருக்கும் காட்டு விலங்குன்னா முதல்ல வண்டலூர்தான். 1985-ல திறந்த ஜூ, 602 ஹெக்டேர். ஸ்கூல்ல இருந்து நாலு தடவை, சொந்தக்காரங்க ஊர்ல இருந்து வந்தப்பல்லாம் ஒரு தடவைன்னு கணக்கே இல்லாம போயிருக்கேன். அம்மாவுக்கு அது அலுத்துப் போச்சு. அவங்க பாஸ்போர்ட் எடுத்து மூணு வருஷம் ஒரு ஸ்டாம்ப் கூட இல்லாம பீரோவுல கிடந்துச்சு. சரின்னு கொழும்புக்கு டிக்கெட் போட்டேன். ஒன்றரை மணி நேரம்கூட ஆகல. பீக் அவர்ல தாம்பரத்துல ஏறி சோழிங்கநல்லூர் ஆபீஸ் போய்ச் சேர எனக்கு அதை விட அதிகமா ஆகும்.

அங்கிருந்து ரோடு வழியா உடவளவை. வளவை ஆத்துல அணை கட்டினப்போ இடம் பறிபோன விலங்குகளுக்காக 1972-ல அறிவிச்ச தேசியப் பூங்கா. 308 சதுர கிலோமீட்டர், அதாவது நம்ம வண்டலூர் மாதிரி ஐம்பது. ஜீப் ஓட்டின அண்ணன் பலாங்கொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவர், மலையகத் தமிழர். அம்மாவுக்கு அதுல பெரிய நிம்மதி. முதல் பத்து நிமிஷத்துலேயே அவருக்கு எத்தனை பிள்ளைங்க, என்ன படிக்கிறாங்கன்னு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டாங்க.

காலையில ஆறு மணிக்கு உள்ள போனோம். நரி, முதலை, எருமை, மயில். தண்ணிக்குள்ள செத்து நிக்கிற மரங்கள்ல கூட்டமா நீர்க்காகங்கள். மஞ்சமூக்கு நாரையைப் பார்த்து "இது நம்ம பெரும்பாக்கத்துல நிக்குமேடா"ன்னு அம்மா சொன்னாங்க. உண்மைதான், நிக்கும். அதுக்கு நாம டிக்கெட் எடுக்கறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் யானைங்க. ஒரு கூட்டம் புல்லைக் காலால உதைச்சுப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, சாப்பிட்டுக்கிட்டே எங்க ஜீப்புக்குப் பத்தடியில கடந்து போச்சு. நாங்க இருக்கோம்னு ஒரு பொருட்டே இல்ல. அந்தக் காலை நேரத்துல எனக்குப் பிடிச்ச விஷயமே அதுதான். நம்மளப் பார்த்து எதையும் எதிர்பார்க்காத ஒரு உயிரை நான் கிட்டத்துல பார்த்தது அதுதான் முதல் தடவை. தள்ளி நின்ன ஒண்ணைக் காட்டி "அது பெண் யானை"ன்னு அம்மா சொன்னாங்க, தந்தம் இல்லையே. டிரைவர் அண்ணன் சிரிச்சார். "ஆம்பளைதான்மா. எங்க நாட்டுல ஆண் யானையில நூத்துக்குப் பத்துக்குக் கூட தந்தம் இருக்காது. தலையைப் பாருங்க, தும்பிக்கை ஆரம்பிக்கிற இடம் எவ்வளவு தடிப்பு."

பத்தரை மணி இருக்கும், வெளிய வந்துட்டோம். பூங்கா ஓரமா போற மெயின் ரோடுல மின்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆண் யானை, ரோட்டைப் பார்த்து நின்னுக்கிட்டிருக்கு. இந்தப் பக்கம் பழக்கடை. எனக்கு அந்த ஃப்ரேம் ரொம்பப் பிடிச்சுது. "அண்ணா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க"ன்னு சொன்னது நான்தான். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, அம்மா சொல்லல.

நான் போனை எடுத்து ஆங்கிள் பாத்துக்கிட்டிருக்கேன். அம்மா பையில இருந்த வாழைப்பழத்தோட இறங்கிட்டாங்க. சின்ன வயசுல காஞ்சிபுரம் போறப்பல்லாம் யானைக்குப் பழம் கொடுத்து, தலையில தும்பிக்கை வெச்சு ஆசீர்வாதம் வாங்கியே பழகினவங்க. யானைன்னா அவங்களுக்குப் பிள்ளையார். தும்பிக்கை வேலிக் கம்பிக்கு மேல வந்துச்சு. பழத்தை வாங்கிக்கிச்சு. அம்மா கண்ணை மூடிக்கிட்டு, கையைக் கூப்பி, தலையைக் குனிஞ்சுட்டாங்க. வேலிக்கும் அவங்களுக்கும் ரெண்டு அடி. நான் இதையெல்லாம் ஷூட் பண்ணிக்கிட்டிருக்கேன்.

டிரைவர் அண்ணன் ஓடி வந்து அவங்க தோளைப் பிடிச்சு பின்னாடி இழுத்தார். கோபமா கத்தல. "அது கோயில் யானை இல்லம்மா"ன்னு மட்டும் சொன்னார்.

திரும்ப வண்டியில ரொம்ப நேரம் யாரும் பேசல. அப்புறம் அவரே சொன்னார். வேலிக்கிட்ட நிக்கிறதெல்லாம் பெரும்பாலும் ஆண் யானைங்க. ரோட்டுல போறவங்க பழம் கொடுத்துக் கொடுத்து அங்கேயே நிக்கப் பழகிடுச்சு. கொடுக்கலன்னா வேலியை உடைக்கும். ஊருக்குள்ள வரும். (நான் திரும்பி வந்து படிச்சேன். உடவளவையில வருஷக்கணக்கா யானைகளை ஆராயற ஷெர்மின் டி சில்வா குழு இதையேதான் எழுதியிருக்காங்க. தீனியோட பிளாஸ்டிக் பையையும் முழுங்குது, மனுஷங்களும் யானைங்களும் செத்திருக்காங்க.)

அவர் இன்னொண்ணும் சொன்னார். ஹக்க பட்டாஸ். சாப்பிடற பொருளுக்குள்ள வெச்சு மறைக்கிற வெடி. பெரும்பாலும் காட்டுப்பன்னிக்கு வைக்கிறது, யானை கடிச்சா தாடை சிதறிடும். உடனே சாகாது. சாப்பிட முடியாம, தண்ணி குடிக்க முடியாம நாள் கணக்குல சாகும். நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம் இதுக்கு அவுட்டுக்காய்னு பேரு. 2020 மே மாசம் பாலக்காட்டுல கர்ப்பமா இருந்த யானை ஆத்துல நின்னபடியே செத்துச்சே, அதுவும் இந்த மாதிரி வெடிதான். மனுஷன் கையில இருந்து பழம் வாங்கிப் பழகின யானைக்கு எந்தப் பழத்தை நம்பணும், எதை நம்பக் கூடாதுன்னு எப்படித் தெரியும்?

பன்னெண்டு மணிக்கு பக்கத்துல இருக்கிற எலிஃபண்ட் டிரான்ஸிட் ஹோமுக்குக் கூட்டிட்டுப் போனார். 1995-ல இலங்கை வனஜீவராசிகள் திணைக்களம் ஆரம்பிச்சது. தாயை இழந்த குட்டிங்களை வளர்த்து, சில வருஷம் கழிச்சு மறுபடி காட்டுல விட்டுடுவாங்க. இதுவரைக்கும் நூறுக்கும் மேல விட்டிருக்காங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். நாம தள்ளி மேடையில நின்னு பாக்கலாம், தொட முடியாது, கொடுக்க முடியாது. காட்டுக்குத் திரும்பப் போற குட்டிக்கு மனுஷ வாசனை பழகிடக் கூடாதுன்னு அவ்வளவு கவனம்.

குட்டிங்க ஓடி வந்துச்சு. புனல்ல பாலை ஊத்த, குழாய் வழியா ஒரே மடக்குல குடிச்சிட்டு இன்னும் வேணும்னு முட்டுது. சுத்தி நின்ன எல்லாரும் சிரிக்கிறாங்க. ஒரு குட்டி மட்டும் நொண்டிக்கிட்டே கடைசியா வந்துச்சு. அம்மா சிரிக்கல. "இதுங்க அம்மா எல்லாம் எப்படிச் செத்துச்சு?"ன்னு அண்ணன்கிட்ட கேட்டாங்க. சிலது சுட்டு, சிலது வெடி, சிலது கிணத்துல விழுந்து, ரயில்ல அடிபட்டுன்னு அவர் சொன்னார். அம்மா கையைப் புடவையில துடைச்சுக்கிட்டே இருந்தாங்க.

இப்போ என் பங்கு. அன்னைக்கு ராத்திரி ஓட்டல் வைஃபையில அந்த வீடியோவை ரீலா போட்டேன். ஆமா, இவ்வளவும் கேட்ட பிறகுதான். "அம்மாவும் பிள்ளையாரும்"னு கேப்ஷன், கூடவே லொகேஷன். காலையில எழுந்து பாத்தா, இந்த பாட்காஸ்ட்டோட அத்தனை எபிசோடையும் சேர்த்தாலும் வராத வியூஸ். கமெண்ட்ல பாதி ஹார்ட்டு, மீதி "ப்ரோ, எங்க நிறுத்தணும்?" "என்ன பழம் கொடுக்கலாம்?"

அம்மாகிட்ட காட்டினேன், சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சு. முழுசா பாத்துட்டு போனை என் கையில கொடுத்தாங்க. "தெரியாம செஞ்சது நான். தெரிஞ்சுக்கிட்டு ஊருக்கே காட்டறது நீ"ன்னாங்க. டிலீட் பண்ணிட்டேன். பண்ணும்போதும் அந்த வியூஸ் நம்பரை ஒரு தடவை பாத்துட்டுத்தான் பண்ணேன், பொய் சொல்ல விரும்பல.

அதுக்குள்ள யாரோ டவுன்லோட் பண்ணியாச்சு. போன வாரம் எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சு, புல்லாங்குழல் மியூசிக் எல்லாம் சேர்த்து. கேரளாவுல ஒரு கோயில் யானை பக்தைக்கு ஆசீர்வாதம் பண்ணுதாம். கீழே பதினெட்டு பேர் கைகூப்பியிருந்தாங்க. மூணாவது மாடி மாமிக்கு மட்டும் சந்தேகம். "அந்தப் பச்சைப் புடவை நம்ம பி பிளாக் அக்கா மாதிரி இல்ல?"ன்னு கேட்டிருந்தாங்க.

அம்மா பாத்துட்டாங்க. "ஆமா, நான்தான். அது காட்டு யானை. கொடுத்திருக்கக் கூடாது"ன்னு டைப் பண்ணி அனுப்பிட்டு, குக்கர் வைக்கப் போயிட்டாங்க.