பிஞ்சு முதுகும் நெட்டி முறிப்பும்

1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், காது மந்தமான ஒரு தொழிலாளியின் முதுகெலும்பை டி.டி. பாமர் அழுத்தித் தள்ளினார். காது கேட்டுவிட்டதாம்! செவி நரம்பு முதுகெலும்பு வழியே போவதே இல்லை. இருந்தாலும் கைரோபிராக்டிக் சிகிச்சை அங்கேதான் பிறந்தது.

முதுகெலும்பு பிசகினால் நரம்பு தடைப்படும், நோய் வரும் என்பது பாமரின் கொள்கை. அதை நம்பியவர்கள் கைக்குழந்தையின் ஓயாத அழுகை முதல் ஆஸ்துமா வரை எல்லாவற்றுக்கும் முதுகிலேயே மருந்து தேடினார்கள். வீடியோக்களில் கேட்கிறோமே, அந்த 'மடக்'? எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் அல்ல அது. மூட்டு நீரில் உண்டாகும் வாயுக் குமிழின் வேலை. குழந்தைகளிடம் பெரும்பாலும் அதுவும் கிடையாது, விரல் நுனியால் மெல்ல அழுத்துவார்கள்.

பலன் உண்டா? நார்வேயில் அழுகை நிற்காத 86 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2001-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு முதுகுச் சிகிச்சை. மறு பிரிவுக் குழந்தைகளைச் செவிலியர் பத்து நிமிடம் மடியில் வைத்திருந்தார், அவ்வளவுதான். எந்தக் குழந்தைக்கு எது என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 70 சதவீதம் தேறினார்கள். மடியில் இருந்தவர்களில் 60. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது என்பது ஆய்வாளர்கள் கணக்கு. இந்த அழுகை மூன்று, நான்கு மாதத்தில் தானே அடங்குவது. அடங்கும் நேரத்தில் யார் கை வைத்தாலும் அவர் கைராசிக்காரர்தான்.

ஆஸ்துமாவிலும் இதே கதை. கனடாவில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை போல நடித்ததற்கும் நிஜச் சிகிச்சைக்கும் வேறுபாடு தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2019-இல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் முதுகெலும்பைக் கையாளக் கூடாது என்றார்கள். 2023 கடைசியில் தளர்த்தி, 2024-இல் மறுபடி நிறுத்தினார்கள். அங்கே நடந்த ஆய்வில் பெரிய தீங்குக்குச் சான்று அகப்படவில்லை. என்றாலும் பலனே உறுதியில்லாதபோது பிஞ்சு முதுகைச் சோதனைக்குக் கொடுப்பானேன்? தடை சரி என்பதே என் கட்சி.

வளரிளம் பருவத்து முதுகுவலி வேறு. அமெரிக்காவில் 12 முதல் 18 வயதுவரையான 185 பேரிடம் செய்த ஆய்வில், உடற்பயிற்சியோடு முதுகுச் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஓராண்டில் வலி சற்றுக் கூடுதலாகவே குறைந்தது. 2018-இல் வந்த முடிவு இது. காய்ச்சலோ கால் மரத்துப்போவதோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், பயிற்சியையும் சொல்லித்தரும் சிகிச்சையாளர் என்றால் போய்ப் பார்க்கலாம். பயிற்சியை விட்டுவிட்டு வாராவாரம் வந்து படு என்பவரிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம்.