நியூட்ரலில் எடுத்த புகைச் சான்றிதழ்

தேனி மாவட்டம் போடிக்கு அருகே ராசிங்காபுரம், சிலமலைப் பக்கமிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்வருகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. முந்தல் தாண்டி போடிமெட்டு ஏறும் சாலை. கொண்டை ஊசி வளைவில் ஒரு பார லாரி முதல் கியரில் முக்கித் திரும்புகிறது. பின்னால் வரும் பைக்காரர் கரும்புகைக்குப் பயந்து துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். அந்த லாரியில் புகைச் சான்றிதழ் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். போலி என்றும் சொல்லிவிட முடியாது.

சோதனை நடக்கும் விதம் அப்படி. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆவது விதி இதைச் சொல்கிறது. டீசல் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சூடேறிய இன்ஜினின் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். இப்படிப் பலமுறை. வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று கருவி அளக்கும். ஹார்ட்ரிட்ஜ் அலகில் பழைய வண்டிகளுக்கு 65 வரையிலும், பி.எஸ்.-4 (பாரத் ஸ்டேஜ் எனும் மாசு வரையறையின் 4ஆம் கட்டம்) வண்டிகளுக்கு 50 வரையிலும் அனுமதி. சான்றிதழ் பழைய வண்டிக்கு ஆறு மாதம், பி.எஸ்.-4 முதல் ஒரு வருடம் செல்லும்.

பாரமும் கிடையாது, ஏற்றமும் கிடையாது! மிதிக்கும் அந்தச் சில வினாடிகளுக்கு இன்ஜின் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டால் போதும். மலையிலோ பல நிமிடம் இழுக்க வேண்டும். உயரம் கூடக்கூடக் காற்றும் மெலிகிறது. டீசலுக்குத் தக்க காற்று கிடைக்காதபோது கரிதான் வரும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, நாசில் தேய்ந்திருந்தாலோ, அளவுக்கு மேல் மூட்டை அடுக்கினாலோ கேட்கவே வேண்டாம்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.-6 லாரிகளில் கரியைப் பிடிக்க வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசல் டேங்கும் உண்டு. ஆனால் அந்த நைட்ரஜன் ஆக்சைடை நம் புகைச் சோதனை அளப்பதேயில்லை. கண்ணுக்குக் கரும்புகை தெரியாததால் யாரும் கேட்பதுமில்லை.

சான்றிதழ் இல்லாவிட்டால் 2019 திருத்தச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். அதனால் காகிதத்தில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். அதே 1989 விதிகளில் 116 என்று ஒன்று இருப்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஒரு வண்டி புகை விதியை மீறுவதாகச் சந்தேகப்பட்டால், சப்-இன்ஸ்பெக்டரோ மோட்டார் வாகன ஆய்வாளரோ அதைச் சோதனைக்கு உட்படுத்த எழுத்துமூலம் உத்தரவிடலாம். என்னைக் கேட்டால், அந்த உத்தரவை எழுதத் தக்க இடம் போடி ஊருக்குள் இல்லை, மெட்டு ஏறும் அந்த வளைவுகளில்தான்.