காருக்கு ஒரு நோட்டு



பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள், அடுத்து மீட்டரைப் பார்க்கிறார்கள். பெயின்ட்டைப் புதிதாக அடித்துவிடலாம். டிஜிட்டல் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். நம் ஆர்.சி.யில் ஓடிய தூரம் பதிவாவதில்லை. பிரிட்டனில் மூன்று வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை உண்டு. அப்போது மீட்டர் எண்ணையும் குறித்துக்கொள்கிறார்கள். வண்டி எண் தெரிந்த எவரும் அதை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. இங்கே ஒரு வண்டியின் கதையைச் சொல்ல, அதன் சொந்தக்காரர் எழுதி வைத்த சர்வீஸ் கணக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கை எழுதுவது ஒரு நல்ல கைப்பழக்கம். அதற்கு உரிய மதிப்பை நாம் தருவதில்லை என்பது என் எண்ணம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் புத்தகத்தில் முத்திரை குத்தித் தருகிறார்கள். வண்டி அன்று அங்கே போனது என்பதற்கு அது சாட்சி. என்ன வேலை நடந்தது என்பது ஜாப் கார்டிலும் பில்லிலும்தான் இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். வீட்டில் ஒரு நோட்டில் நீங்களும் எழுதுங்கள். தேதி, மீட்டர் எண், ஊற்றிய ஆயில் 5டபிள்யூ-30 என்றால் அது, மாற்றிய ஃபில்டர், முன் பிரேக் பேடில் மிச்சம் எத்தனை மில்லிமீட்டர். "இடது முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது, அலைன்மென்ட் பார்க்கணும்" என்று, பார்த்தும் இன்னும் சரிசெய்யாததையும் எழுதுங்கள். தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் நோட்டைக் கொடுத்தால் அவர் கண் முதலில் போய் நிற்பது இப்படிப்பட்ட வரியில்தான்.

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் நோட்டு எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. மைண்ட்ஸ்பேஸ் ஐ.டி. வளாகத்தின் பக்கம் மாலை ஆறரை மணிக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். மணிக்கு சராசரியாக 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், 5,000 கிலோமீட்டர் ஓட இன்ஜின் 333 மணி நேரம் வேலை செய்திருக்கும். நெடுஞ்சாலையில் சராசரி 60 என்றால் அதே தூரத்துக்கு 83 மணி நேரம் போதும். மீட்டர் இரண்டையும் ஒன்றாகவே காட்டும், ஆயிலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். நின்று நின்று போகும் போக்குவரத்து, தூசி, குறுகிய ஓட்டம் ஆகியவற்றைக் கடினப் பயன்பாடு என்று பல கம்பெனிகளின் கையேடுகள் தனியாகக் குறிப்பிட்டு, ஆயிலைச் சீக்கிரமே மாற்றச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் குறைவு.

நோட்டின் முழு அருமையும் பிரேக் ஆயிலில் விளங்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பே 155 டிகிரிதான். ஸ்ரீசைலம் மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் சூடு ஏறி, திரவம் கொதித்து, ஆவிக்குமிழி உண்டாகும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. மாதாப்பூர் தெருவில் ஓட்டும்போது இதற்கு முன்னறிகுறி எதுவும் தெரியாது. டைமிங் பெல்ட்டும் பல சமயம் அப்படித்தான், அறும் நாள் வரை சத்தமே வராது. இவற்றுக்கெல்லாம் தேதிதான் அறிகுறி. தேதியோ நோட்டில் இருக்கிறது.

வீட்டில் செய்வதா, சர்வீஸ் சென்டருக்கு விடுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஏர் ஃபில்டர், ஏசி கேபின் ஃபில்டர், வைப்பர், பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பூ, டயர் காற்று, இவற்றை வீட்டிலேயே பாருங்கள். வண்டியின் மேல் ஒரு அக்கறை வரும், காசும் மிச்சம். பிரேக் திறப்பது, ஏர்பேக், ஏசி கேஸ், ஹைப்ரிட் வண்டியின் உயர் மின்னழுத்த வயர்கள், இவற்றைத் தொடாதீர்கள். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். யூடியூபில் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலைக்குப் பின்னால் சரியான ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் இருக்கின்றன.

வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தது குற்றம் என்றது. வெளியில் பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய், வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அதனால் வாரண்டி உள்ள காலத்தில் கம்பெனி சென்டரை விடாமல் இருப்பதே பாதுகாப்பு என்பேன். அது முடிந்த பிறகு, பில்லில் பாகத்தின் எண்ணை எழுதித் தரும் சின்ன ஷெட்டே எனக்குப் பெரிது. எழுதித் தர மறுக்கும் இடத்தில் வண்டியை விட வேண்டாம், அது எவ்வளவு பளபளப்பான ஷோரூமாக இருந்தாலும்.

வீட்டிலேயே ஆயில் மாற்றத் துணிகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. சாக்கடையில் ஊற்றினால் அது ஏரி குளத்தைக் கெடுக்கும், நம் துர்கம் செருவு ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. கேனில் பிடித்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். எந்தத் தேதியில், எங்கே கொடுத்தீர்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதிவிடுங்கள்.