செவிக்கு எட்டாத ஒலியும் முகத்தின் தூய்மையும்

மனிதனுடைய செவிக்கு ஓர் எல்லை உண்டு. செக்கனுக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளையே அது ஒலியென உணரும். அதற்கும் மேற்பட்டதைக் கழியொலி என்பர். மீயொலி என வழங்குவதும் உண்டு. இருளிலே வௌவால் வழியறிந்து பறப்பது இவ்வொலியின் துணைகொண்டே. இன்று இது அழகு நிலையங்களிலும் புகுந்து, முகத்தைத் தூய்மை செய்யும் பணியில் அமர்ந்திருக்கிறது. வீட்டிலே கையாளத்தக்க சிறு கருவிகளும் விற்பனையாகின்றன. இதனால் விளையும் பயன் யாது, விளையாத பயன் யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1880ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சகோதரர்களான ஜாக் கியூரி, பியர் கியூரி ஆகிய இருவரும், சில படிகங்களை அழுத்தும்போது அவற்றில் மின் தோன்றுவதைக் கண்டனர். மின்னைச் செலுத்தினால் படிகம் சுருங்கி விரியும் என்னும் மறுதலையான உண்மையும் அடுத்த ஆண்டிலேயே தெளிவாயிற்று. முதலாம் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் பொருட்டு, போல் லாங்ஜெவின் என்னும் அறிஞர் இவ்வழியாலேயே கடலுள் கழியொலியைச் செலுத்தினார். போருக்கென வளர்ந்த அத்தத்துவமே இந்த முகக் கருவியிலும் இயங்குகின்றது.

கருவியின் முனையில் மெல்லிய உலோகத் தகடொன்று உண்டு. அது செக்கனுக்கு ஏறக்குறைய 24,000 முதல் 30,000 முறை வரை அதிர்கின்றது. முகத்தை நன்கு நனைத்துத் தகட்டைச் சாய்வாகப் பிடித்து நகர்த்தினால், தோலின் மேலுள்ள நீர் நுண்துளிகளாகச் சிதறும். எண்ணெய்ப் பசையும் தூசியும் உதிரும் தறுவாயிலுள்ள தோற்செதில்களும் அந்நீருடன் அகலும். நகைகளையும் மூக்குக்கண்ணாடிகளையும் நீர்த்தொட்டியில் இட்டுக் கழுவுவதற்கும் கழியொலி பயன்படுவதை நேயர்களிற் சிலர் அறிந்திருப்பீர்கள்.

ஆனால், நகை வேறு, தோல் வேறு. தோலின் மேற்படை ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவே தடிப்புடையது. அடியிலே பிறக்கும் கலங்கள் மேலெழுந்து உதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் செல்லும். உயிரற்றதாயினும் இப்படை குப்பையன்று. உடலின் ஈரத்தைக் காத்துக் கிருமிகளைத் தடுக்கும் கூரை அது. கிடுகு பழையதாயிற்றென்று நாள்தோறும் பிடுங்கினால், மழைக்காலத்தில் அவ்வீட்டின் கதி என்னாகும்?

இக்கருவியாற் கூடாதவை எவை? தோலின் நுண்துளைகளைத் திறந்து மூடத் தசை எதுவும் இல்லை. ஆகவே அவற்றை நிலையாகச் சுருக்கிவிடலாம் என்பது வெறும் விளம்பர வார்த்தை. மூக்கிலே காணும் கரும்புள்ளியின் கருமைக்கு அழுக்குக் காரணமன்று. துளையில் அடைபட்ட நெய்ப்பொருளும் நிறப்பொருளும் காற்றுப்பட்டுக் கருத்ததே அது. மேலாகத் துடைத்தாலும், நெய்ச்சுரப்பி ஓமோன்களின் ஏவலால் மீண்டும் சுரக்கும். பிறப்பில் அமைந்த நிறத்தையோ இக்கருவி மாற்றவே மாட்டாது.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி உளது. முகப்பரு தோன்றும் இளம்பராயத்தினர், அதனை அழுக்கின் விளைவென எண்ணி நாணுகின்றனர். தேய்த்துத் தேய்த்துக் கழுவுகின்றனர். பணத்தைச் செலவிட்டுக் கருவியையும் நாடுகின்றனர். முகப்பரு தூய்மைக் குறைவால் வருவதன்று. அது தோலின் ஒரு நோய். சிவந்து வீங்கிய பருவின்மேல் அதிரும் தகட்டை ஓட்டினால் அழற்சி மிகும். நம்மவரைப்போன்ற கபில நிறத் தோலிலே, அழற்சி ஆறிய பின்னும் கருந்தழும்பு பல மாதங்கள் நிலைத்திருக்கும். அழகை நாடிச் சென்றவருக்குக் கிடைப்பது வடுவென்றால், அதனினும் துயரம் வேறென்ன?

ஆதலால், பருவும் புண்ணும் தடிப்பும் உள்ள முகத்தில் இக்கருவியைப் பயன்படுத்தல் தகாது. பருவுக்கென வைத்தியர் தந்த வலிய மருந்துகளை உண்போரும் பூசுவோரும் அவரைக் கேளாது இதை நாடலாகாது. சில கருவிகள் அதிர்வுடன் மின்னோட்டத்தையும் செலுத்துவதால், இதயத்துக்கு மின்கருவி பொருத்தப்பெற்றோர் விலகியிருத்தல் வேண்டும். உலர்ந்த தோலில் தகட்டை வைத்தலும், ஒரே இடத்தில் நிறுத்தி அழுத்துதலும் தீங்கு தரும்.

நோயற்ற தோலுடையோர் இடையிடையே இதைப் பயன்படுத்திச் சிறிது மென்மையும் பொலிவும் பெறலாம். அதற்குமேல் எதிர்பார்த்தல் வீண். நாள்தோறும் காலை மாலை மென்மையான சவர்க்காரத்தால் முகங்கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுத்தலே பெரும்பாலோருக்குப் போதுமானது. பரு மிகுந்தால், வடு விழுமுன்னரே வைத்தியரை நாடுங்கள். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளின் தோல்நோய்ப் பிரிவுகளில் இதற்குரிய சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கின்றது. அங்கே மகனையோ மகளையோ அழைத்துச் செல்லும் பெற்றோர், கருவி வாங்கிக் கொடுக்கும் பெற்றோரினும் பெரிய உதவி செய்தவராவர்.